இன்ஜின் சொன்ன 0.00

செஸ் ஆட்டத்தை அலசுவது இப்போது யார் வேண்டுமானாலும் செய்துவிடக்கூடிய காரியம். ஆட்டம் முடிந்த மறுநிமிடம் நகர்த்தல்களை எடுத்து ஸ்டாக்ஃபிஷ்ஷில் போட்டால் போதும். எது சரி, எது தப்பு, எது மகா தப்பு என்று கலர் கலராகப் பிரித்துக் கொடுத்துவிடும். கூடவே 'துல்லியம் இத்தனை சதவீதம்' என்று மார்க்கும் போடும். குதிரை எப்படிப் போகும் என்று போன மாதம் கற்றுக்கொண்டவர்கூட கிராண்ட்மாஸ்டரைப் பார்த்து "ஐயய்யோ, இதைக்கூடப் பார்க்கலியா?" என்று உச்சுக்கொட்டலாம்.

நாலு மணி நேரம் நிதானமாக ஆடிய ஆட்டத்துக்கு இது ஓரளவு சரிப்படும். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று ஆடும் மின்னல்வேக ஆட்டத்துக்குச் சுத்தமாகச் சரிப்படாது. அதிலும் பலமான இரண்டு வீராங்கனைகள் இணையத்தில் மோதும்போது, அலசல் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் அநியாயம்தான். இன்ஜின் பலகையைப் பார்க்கிறது. கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஆட்டமோ இரண்டிலும் சேர்ந்துதான் நடக்கிறது.

இதற்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். மோனிகா சோச்கோ என்ற போலந்து கிராண்ட்மாஸ்டர் ஆடிய இரண்டு ஆட்டங்கள் போதும். ஒன்று 2008-ல் மரப்பலகையில். இன்னொன்று 2020-ல் கணினித் திரையில். இரண்டுமே அர்மகெடான்.

அர்மகெடான் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: எத்தனை ஆட்டம் ஆடியும் சமநிலை உடையவில்லை என்றால் கடைசியாக ஒரே ஒரு ஆட்டம். வெள்ளைக்கு நேரம் கொஞ்சம் கூடுதல், ஆனால் ஜெயித்தே ஆக வேண்டும். கறுப்புக்கு நேரம் குறைவு, ஆனால் டிரா செய்தாலே ஜெயித்த மாதிரி. பெனால்ட்டி ஷூட்-அவுட் போலக் கொடூரமான ஏற்பாடு.

2008-ல் ரஷ்யாவின் நல்சிக் நகரத்தில் பெண்கள் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. 64 பேர் ஆடும் நாக்-அவுட் போட்டி. (கடைசியில் பட்டம் வென்றவர் அலெக்சாண்ட்ரா கோஸ்டெனியுக். ஃபைனலில் அவரிடம் தோற்றவர் 14 வயது ஹௌ யிஃபான். அந்தச் சிறுமி அரையிறுதியில் வீழ்த்தியது நம்ம கொனேரு ஹம்பியை.) முதல் சுற்றிலேயே சோச்கோவும் ருமேனியாவின் சபீனா ஃபோய்ஷோரும் மோதி, சமநிலை உடையாமல் அர்மகெடான் வரை வந்துவிட்டார்கள். சோச்கோவுக்கு வெள்ளை. ஃபோய்ஷோருக்குக் கறுப்பு, அதாவது டிரா போதும்.

காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு, ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு குதிரை என்று வந்து நின்றது. செஸ் தெரிந்த எவரும் "அட, டிரா" என்று கைகுலுக்கிவிட்டு எழுந்து போகும் நிலை. ஆனால் இருவரும் நகர்த்திக்கொண்டே இருந்தார்கள், ஃபோய்ஷோரின் நேரம் தீரும்வரை.

நடுவர் டிரா என்றார். அதாவது ஃபோய்ஷோர் அடுத்த சுற்றுக்கு. சோச்கோ விடவில்லை, மேல்முறையீடு செய்தார். அவர் பிடித்துக்கொண்டது ஒரு விதியை. ஒருவருக்கு நேரம் தீர்ந்துவிட்டால் அவர் தோற்றார். எதிராளியால் எந்த விதமான நகர்த்தல் வரிசையிலும், இவர் எவ்வளவு முட்டாள்தனமாக ஆடினாலும், செக்மேட் செய்யவே முடியாது என்றால் மட்டும் டிரா. குதிரைக்கு எதிராகக் குதிரை இருக்கும்போது செக்மேட் சாத்தியமா? சாத்தியம்தான். கறுப்பு ராஜா ஏ8 மூலையில். அதன் சொந்தக் குதிரையே ஏ7-ல் நின்று வழியை அடைக்கிறது. வெள்ளை ராஜா சி7, வெள்ளைக் குதிரை பி6. முடிந்தது கதை! நிஜத்தில் யாரும் இப்படிப் போய் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் விதி 'நடக்குமா' என்று கேட்கவில்லை, 'நடக்க முடியுமா' என்றுதான் கேட்கிறது. முறையீடு ஏற்கப்பட்டது. தீர்ப்பு தலைகீழானது. சோச்கோ உள்ளே, ஃபோய்ஷோர் வெளியே.

அப்போது பலர் இதைச் சதுரங்கத்துக்கே அவமானம் என்றார்கள். 'டிராவில் ஜெயித்தார்' என்று சோச்கோவைக் கிண்டலும் செய்தார்கள். அவர்கள் கவனிக்காத ஒன்று அந்த நிலையில் இருக்கிறது.

இன்ஜினிடம் கேட்டால் அந்த நிலைக்கு 0.00 என்று சொல்லும். எந்த நகர்த்தல் ஆடினாலும் 0.00. குதிரையை இங்கே வைத்தாலும் அங்கே வைத்தாலும் 0.00. ஆனால் கடிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். கறுப்புக்கு நேரம் தீரப்போகிறது. நேரம் தீர்ந்தால் தோல்வி. தப்பிக்க ஒரே வழி, எதிராளியால் செக்மேட்டே செய்ய முடியாத நிலையை உண்டாக்குவது. அதற்கு என்ன செய்ய வேண்டும்? வெள்ளைக் குதிரையை வெட்ட வேண்டும், இல்லையென்றால் தன் குதிரையை வெட்டுக்கொடுக்க வேண்டும்! தன் குதிரை போய்விட்டால் வெள்ளைக்கு ராஜாவும் குதிரையும், கறுப்புக்கு வெறும் ராஜா. அந்த நிலையில் செக்மேட் என்பதே கிடையாது. ஆட்டம் அந்த நொடியே டிரா, அர்மகெடானில் கறுப்புக்கு வெற்றி. அதாவது கறுப்பு தன் கடைசிக் காயைத் தூக்கி எறியத் துடிக்க வேண்டும். வெள்ளையோ எதிரியின் குதிரை இலவசமாகக் கிடைத்தாலும் தொடக்கூடாது, தன் குதிரையையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

'செத்த டிரா' என்று எல்லோரும் கைவிட்ட நிலைக்குள் இப்படி ஒரு தனி ஆட்டம் ஒளிந்திருக்கிறது. குதிரையைக் கொடுப்பது ஜெயிக்கும் நகர்த்தல், வெட்டுவது தோற்கும் நகர்த்தல்! இன்ஜினுக்கு இது எதுவுமே தெரியாது. அதற்கு எல்லாம் ஒன்றுதான், 0.00.

இதே நிலையை இன்றைய இணையத்துக்குக் கொண்டுவந்தால் கூத்து இன்னும் பெரிது. லிசெஸ் தளத்தில் ராஜா-குதிரைக்கு எதிராக ராஜா-குதிரை இருக்கும்போது ஒருவருக்கு நேரம் தீர்ந்தால் அவர் தோற்றார். அங்கே ஃபிடே விதியின் வழி. செஸ்.காம் தளத்தில் அதே நிலை, அதே நேரத் தீர்வு, ஆனால் டிரா. வெறும் ஒரு குதிரை வைத்திருப்பவரிடம் ஜெயிக்கப் போதுமான படை இல்லை என்று அந்த நிரல் முடிவுகட்டிவிடும். (அமெரிக்கக் கூட்டமைப்பின் விதியும் ஏறக்குறைய அப்படித்தான்.) நல்சிக் ஆட்டம் ஒரு தளத்தில் நடந்திருந்தால் சோச்கோ ஜெயித்திருப்பார். இன்னொன்றில் நடந்திருந்தால் ஃபோய்ஷோர். மேல்முறையீடு செய்ய நடுவரும் இல்லை, திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து முடிவைச் சொல்லிவிட்டுப் போய்விடும். ஆகவே ஒரு வேக ஆட்டத்தை அலச உட்காருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது எந்தத் தளத்தில், எந்த விதியில், நகர்த்தலுக்கு எத்தனை விநாடி கூட்டிக்கொடுத்து ஆடப்பட்டது என்பதை. ஓப்பனிங் பெயரை அதற்கப்புறம் தேடிக்கொள்ளலாம்.

அதே 2008-ல், நல்சிக்குக்குச் சில மாதம் முன்பு, இன்னொரு கலவரம். அமெரிக்காவின் டல்சா நகரத்தில் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப். ஐரினா க்ரஷ்ஷும் அன்னா ஸடோன்ஸ்கிக்கும் சமமாக முடித்து, டை-பிரேக் ஆட்டங்களிலும் சமமாகி, அர்மகெடானுக்கு வந்தார்கள். க்ரஷ்ஷுக்கு வெள்ளை, 6 நிமிடம். ஸடோன்ஸ்கிக்குக்குக் கறுப்பு, நாலரை நிமிடம், டிரா போதும். கடைசி விநாடிகளில் இருவரும் காய்களை நகர்த்தினார்களா, வீசினார்களா என்று சொல்ல முடியாத வேகம். க்ரஷ்ஷின் நேரம் முதலில் தீர்ந்தது. அப்போது ஸடோன்ஸ்கிக்கிடம் மீதி இருந்தது ஒரே ஒரு விநாடி.

ஒரு விநாடி வித்தியாசத்தில் ஒரு நாட்டின் சாம்பியன் பட்டம்! அந்த வீடியோவை உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். தான் கடிகாரத்தை அழுத்தும் முன்பே எதிராளி நகர்த்திவிட்டார் என்று க்ரஷ் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். இருவரையும் கூட்டுச் சாம்பியன்களாக அறிவிக்கக் கேட்டார். ஸடோன்ஸ்கிக்கும் பதில் எழுதினார். பட்டம் ஸடோன்ஸ்கிக்கிடமே இருந்தது.

இதை 'இரண்டு பெண்களின் குழாயடிச் சண்டை' என்கிற தொனியில் எழுதியவர்கள் உண்டு. அது அசிங்கமான பார்வை. பிரச்சினை இருந்தது ஏற்பாட்டில். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடி கூட்டிக்கொடுக்கும் கடிகார முறையைப் பாபி ஃபிஷர் 1992-ல் ஸ்பாஸ்கியோடு ஆடிய மறுபோட்டியிலேயே உலகம் பார்த்துவிட்டது. 16 வருடம் கழித்து, ஒரு தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் அந்த இரண்டு மூன்று விநாடியைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் அந்த நிலையில் காய்கள் பறக்கத்தான் செய்யும்.

இப்போது 2020. கொரோனா காலம். ஒலிம்பியாட் போட்டியை ஃபிடே முதல்முறையாக இணையத்தில் நடத்தியது, செஸ்.காம் தளத்தில். அணிக்கு ஆறு பலகை. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், 20 வயதுக்குட்பட்ட ஒரு பையன், ஒரு பெண். ஆட்டத்துக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 5 விநாடி கூடுதல். ஆகஸ்ட் 29 அன்று அரையிறுதியில் இந்தியாவும் போலந்தும். முதல் சுற்றில் இந்தியா 2-4 என்று தோற்றது. இரண்டாவது சுற்றில் 4.5-1.5 என்று திருப்பிக் கொடுத்தது. ஆளுக்கொரு சுற்று. ஆகவே அர்மகெடான், ஒரே பலகையில். அந்தப் பலகையில் போலந்துக்கு உட்கார்ந்தது சோச்கோ, இந்தியாவுக்கு கொனேரு ஹம்பி.

இரண்டு தேசங்களின் பன்னிரண்டு பலகை ஆட்டங்களின் பாரமும் அந்த ஒரு ஆட்டத்தின் மேல். ஆளுக்கொரு நாட்டில், ஆளுக்கொரு திரைக்கு முன்னால். சோச்கோவின் அனுபவத்தைச் சொல்லியாகிவிட்டது. ஹம்பிக்கும் இது புதிதல்ல. 2019 டிசம்பரில் மாஸ்கோவில் சீனாவின் லெய் டிங்ஜியை அர்மகெடான் வரை போய் வீழ்த்தித்தான் உலக ரேபிட் பட்டம் வென்றார். குழந்தை பெற்று இரண்டு வருடம் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். சோச்கோவை ஹம்பி வென்றார், இந்தியா ஃபைனலுக்குப் போனது.

இப்படிப்பட்ட ஆட்டத்தை இன்ஜினில் போட்டால் சிவப்பு மை தெளிக்காமல் விடாது. அந்தச் சிவப்பை எண்ணி "இவ்வளவுதானா இவர்கள் லெவல்?" என்று கேட்பது சுலபம். ஆனால் இணைய ஆட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. நல்சிக்கில் ஒவ்வொரு நகர்த்தலின்போதும் கடிகாரத்தில் எவ்வளவு இருந்தது என்று ஆட்டத் தாளில் யாரும் குறித்து வைக்கவில்லை. இணையத்தில் அந்தக் கணக்கு தானாகவே பதிவாகிறது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் மீதமிருந்த நேரம், விநாடியின் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் கிடைக்கும். அலசுபவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்தப் பத்தியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

பார்த்தால் என்ன தெரியும்? ஒரு சாதாரண உதாரணம். வெள்ளை மூன்று சிப்பாய் அளவுக்கு முன்னிலையில் இருக்கிறார், கடிகாரத்தில் 8 விநாடி. ராணிகள் பலகையில் இருக்கின்றன, அவருடைய ராஜா வெட்டவெளியில். அவர் ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து ராணிகளை மாற்றிக்கொள்கிறார். இன்ஜின் உடனே முகம் சுளித்து, +3 இருந்தது +1.5 ஆகிவிட்டது, 'பிழை' என்று எழுதும். உண்மையில் அதுதான் அந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த நகர்த்தலாக இருக்கலாம். ராணிகள் போனதும் எதிராளியின் செக் எல்லாம் போயிற்று. இனி ராஜாவை நடத்திக்கொண்டு போனால் போதும், யோசிக்க வேண்டியதில்லை. இன்ஜின் காட்டிய +3 வழியிலோ அடுத்தடுத்து ஆறு நகர்த்தல் பிசகாமல் ஆட வேண்டும். எட்டு விநாடியில் ஆறு பிசகாத நகர்த்தல்! கையில் இல்லாத பணத்தை வரவு வைக்கிற கணக்கு அது.

தலைகீழாகவும் பார்க்கலாம். தோற்றுக்கொண்டிருப்பவர் 40 விநாடி வைத்திருக்கிறார், ஜெயித்துக்கொண்டிருப்பவரிடம் 5. தோற்பவர் இன்ஜினின் முதல் தேர்வை ஆடினால் கௌரவமாகத் தோற்பார். அதை விட்டு, எதிராளி நின்று யோசிக்க வேண்டிய ஒரு குறுக்கு நகர்த்தலை ஆடுகிறார். பலகையில் அது மோசம், கடிகாரத்தில் அபாரம். இதற்கும் இன்ஜின் போடுவது இரண்டு கேள்விக்குறிதான்.

இன்னொன்று ப்ரீமூவ். எதிராளி ஆடும் முன்பே தன் பதிலைப் பதிந்து வைப்பது. மரப்பலகையில் இது கிடையாது. லிசெஸ்ஸில் இப்படி ஆடினால் நேரமே செலவாகாது, செஸ்.காமில் விநாடியின் பத்தில் ஒரு பங்கு. ஒரு கிராண்ட்மாஸ்டர் ராணியைச் சும்மா விட்டுவிட்ட மாதிரி தெரியும் பல 'மகா தப்புகள்' இப்படி முன்கூட்டிப் பதிந்தவை. எதிராளி எதிர்பாராத இடத்துக்குப் போனதால் பல்லிளித்தவை. அது கணிப்பின் தப்பு, செஸ் அறிவின் தப்பு அல்ல. நேரப் பத்தியில் 0.1 என்று இருப்பதைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

ஹௌ யிஃபான் 2021-லும் 2022-லும் பெண்களுக்கான இணைய வேக செஸ் சாம்பியன்ஷிப்பை வென்றார். முதல் வருடம் ஃபைனலில் எதிராளி ஹரிகா துரோணவல்லி, அடுத்த வருடம் ஹம்பி. 5 நிமிடம், 3 நிமிடம், 1 நிமிடம் என்று வரிசையாக ஆட்டங்கள், நகர்த்தலுக்கு 1 விநாடி மட்டும் கூடுதல். அப்போது அவர் சீனாவில் பல்கலைக்கழகப் பேராசிரியரும்கூட! 1 நிமிட ஆட்டத்தில் அவருக்கு எத்தனை சதவீதத் துல்லியம் என்று கேட்பது, நூறு மீட்டர் ஓடுபவருக்கு நடை அழகாக இருக்கிறதா என்று கேட்பது மாதிரி.

இதில் பெண்கள் என்ற விஷயம் எங்கே வருகிறது? தப்பு யாருடையது என்பதைப் பொறுத்து அதற்கு வைக்கும் பெயர் மாறுவதில் வருகிறது. ஆண்கள் பிளிட்ஸில் தப்பு செய்தால் 'பிளிட்ஸ் என்றால் அப்படித்தான், த்ரில்!'. பெண்கள் செய்தால் 'பார்த்தாயா, பெண்கள் செஸ்!'. இத்தனைக்கும் பிளிட்ஸ்கூட வேண்டாம், மணிக்கணக்காக நேரம் இருந்த ஆட்டங்களையே எடுத்துக்கொள்ளலாம். 1988-ல் பீல் நகரத்தில் விஸ்வநாதன் ஆனந்த், கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவிடம் ஆறே நகர்த்தலில் தோற்றார். பெட்ரோஃப் தற்காப்பு. ஐந்தாவது நகர்த்தலாக பிஷப்பை எஃப்5-ல் வைத்தார். வெள்ளை ராணி இ2-வுக்கு வந்தது. இ4-ல் நிற்கும் குதிரை இனி தப்பாது. ராணியால் காத்தால் வெள்ளைக் குதிரை டி5-க்குத் தாவும், சிப்பாயால் காத்தால் வெள்ளை டி-சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறி மிரட்டும். ஆட்டம் க்ளோஸ். அந்த பிஷப் நகர்த்தல் முந்தைய வருடமே இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆட்டத்தில் வந்திருந்தது என்பது கூடுதல் சுவாரஸ்யம். அந்தத் தோல்வியை வைத்து ஆனந்துக்கு செஸ் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் சென்னையில் உதைதான் கிடைக்கும் :-)

2006-ல் பான் நகரத்தில் விளாடிமிர் கிராம்னிக், அப்போதைய உலக சாம்பியன், டீப் ஃபிரிட்ஸ் கணினிக்கு எதிராக ஒரே நகர்த்தலில் வரும் செக்மேட்டைப் பார்க்காமல் விட்டார். அதற்குப் பெயர் 'மனித மூளையின் விசித்திரம்'. கடிகாரத்தில் 3 விநாடி வைத்துக்கொண்டு ஒரு பெண் அதையே பார்க்காமல் விட்டால் மட்டும் ஒட்டுமொத்தப் பெண்கள் செஸ்ஸுக்கும் சான்றிதழ் எழுதக் கிளம்பிவிடுகிறார்கள்.

பெண்கள் ஆட்டம் என்பதற்காக விமர்சிக்காமல் விட வேண்டும் என்பதில்லை. அது வேறு வகையான அவமானம். ஓப்பனிங்கில் நிறைய நேரம் இருக்கும்போது யோசிக்காமல் ஆடியிருந்தால் தாராளமாகத் திட்டலாம். முதல் பத்து நகர்த்தலுக்கே பாதி நேரத்தைக் கொட்டிவிட்டு, கடைசியில் திண்டாடினால் அந்த நேரப் பங்கீட்டைத் திட்டலாம். இதுதான் வேக ஆட்டத்தில் உண்மையிலேயே திட்ட வேண்டிய தப்பு, இன்ஜின் ஒருபோதும் சுட்டிக்காட்டாத தப்பு.

இணையத்தில் கடிகாரத்துக்கு மேலே இன்னொரு எஜமானர் உண்டு, வயர். அதே 2020 ஒலிம்பியாடில் மூன்று நாளில் நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்ட் 28, காலிறுதி. ஆர்மீனியாவின் ஹைக் மார்ட்டிரோஸ்யான், நிஹால் சரீனோடு ஆடும்போது இணைப்பு போய் நேரத்தில் தோற்றார். ஆர்மீனியா முறையிட்டது, நிராகரிக்கப்பட்டது. கோபத்தில் ஆர்மீனியா மேற்கொண்டு ஆடாமல் விலகியது. இந்தியா அரையிறுதிக்கு. 29-ஆம் தேதி ஹம்பி-சோச்கோ. 30-ஆம் தேதி ரஷ்யாவுடன் ஃபைனல். முதல் சுற்று 3-3. இரண்டாவது சுற்றில், பல நாடுகளைப் பாதித்த இணையக் கோளாறில், நிஹாலுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்தது. திவ்யாவின் எதிராளி பொலினா ஷுவலோவா. இரண்டு ஆட்டமும் நேரத்தில் தோல்வி என்று பதிவானது. இந்தியா முறையிட்டது. கடைசியில் ஃபிடே தலைவர் இரண்டு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

30-ஆம் தேதி திவ்யாவுக்காகக் கொதித்த இந்திய ரசிகர்களில் எத்தனை பேர் 28-ஆம் தேதி மார்ட்டிரோஸ்யானுக்காக ஒரு வார்த்தை சொன்னார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். உலகளாவிய கோளாறு வேறு, ஒருவருடைய இணைப்பு போவது வேறு என்று வாதிடலாம்தான். ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்து தன் விநாடிகள் கரைவதைக் கையாலாகாமல் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த வித்தியாசம் எந்த ஆறுதலும் தராது. ஷுவலோவா-திவ்யா ஆட்டத்தின் முடிவை இன்ஜினில் போட்டு என்ன அலசுவது?

அர்மகெடானின் கெடுபிடியும் பிற்பாடு கொஞ்சம் தளர்ந்தது. 61-ஆவது நகர்த்தலிலிருந்து சில விநாடி கூட்டிக்கொடுக்கும் முறை உலகப் போட்டிகளில் வந்தது. ஃபோய்ஷோர் அமெரிக்காவுக்குப் போனார். 2017 ஜனவரியில் தாயை இழந்தார். அந்தத் தாய் கிறிஸ்டினாவும் பெயர்பெற்ற செஸ் வீராங்கனைதான். அதே வருடம் ஏப்ரலில் அமெரிக்கப் பெண்கள் சாம்பியன் ஆனார். கடைசிச் சுற்றில் ராணியைப் பலி கொடுத்து ஜெயித்த அந்த ஆட்டத்தைத் தேடிப் பார்ப்பது பத்து 'துல்லியம்' பட்டியலைப் படிப்பதைவிட நல்லது.

2025 ஜூலை, ஜார்ஜியாவின் படுமி நகரம், பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல். ஒரு பக்கம் 38 வயது ஹம்பி, அப்போதைய உலக ரேபிட் சாம்பியன். இன்னொரு பக்கம் ஐந்து வருடம் முன்பு இணைப்பு அறுந்து தோற்ற அதே திவ்யா, 19 வயது, தரவரிசையில் 15-ஆவதாக உள்ளே வந்தவர். இரண்டு நீண்ட ஆட்டமும் டிரா. 28-ஆம் தேதி ரேபிட் டை-பிரேக், 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல். முதல் ரேபிட்டும் டிரா. இரண்டாவதில் கறுப்புக் காய்களோடு ஆடிய திவ்யா ஜெயித்து, கோப்பையோடு கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையும் வாங்கிக்கொண்டார், இந்தியாவின் 88-ஆவது கிராண்ட்மாஸ்டராக. ஹம்பியின் நேரம் கரைந்துகொண்டே வந்த அந்த முடிவாட்டத்தில் இருவருமே தடுமாறினார்கள். இன்ஜின் பட்டை மேலும் கீழுமாக ஆடியது. திரைக்கு வெளியே இருந்தவர்கள் வழக்கம்போல் கத்தினார்கள். ஆனால் அங்கே யாருடைய நேரமும் தீரவில்லை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வந்த அந்தப் பத்து விநாடி அதைப் பார்த்துக்கொண்டது. தோற்ற நிலையைப் பலகையில் பார்த்து ஹம்பி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். யாரும் முறையிடவில்லை, யாரும் பகிரங்கக் கடிதம் எழுதவில்லை.